கடைசியில் நடப்பவரே வழிகாட்டி!

 

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. எங்கே போவது, எப்போது புறப்படுவது, எப்போது திரும்புவது என்பதையெல்லாம் வீட்டில் மூத்தவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் பின்னால் நடப்பார்கள். பெரியவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லாமை நம் பிள்ளைகளுக்கு நாம் ஊட்டி வளர்த்த நற்குணம். அதில் குறையொன்றும் இல்லை. ஆயினும், அந்த மூத்தவரே தவறான முடிவை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? யார் அவரிடம் எடுத்துச் சொல்வது? இந்தக் கேள்வி, பிரான்சு நாட்டின் தென்கோடியில், மத்தியதரைக் கடலோரத்து மலையொன்றின் விளிம்பில் நின்றபோது என் உள்ளத்தில் எழுந்தது. அந்த மூத்தவர் வேறு யாருமில்லை, நான்தான்! ஆகவே கூச்சத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த அனுபவத்தை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

என் தங்கை காரைக்காலில் வாழ்க்கைப்பட்டவள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்த ஊர், 1954 நவம்பரில் இந்தியாவுடன் இணைந்தது. 1962-இல் அந்த இணைப்பு சட்டபூர்வமாக நிறைவேறியபோது, அங்கிருந்த மக்களில் விரும்பியோர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வழி இருந்தது. அப்படி வைத்துக்கொண்ட குடும்பங்களுள் தங்கை கணவரின் குடும்பமும் ஒன்று. இப்போது அவர்கள் மார்செய் நகரில் வாழ்கிறார்கள். முன்னாளில் கீழைநாடுகளுக்குச் செல்லும் பிரெஞ்சுக் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம் அது. இன்று பிரான்சின் இரண்டாவது பெரிய நகரம். 2024 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நானும் என் இல்லத்தரசியும் அவர்களைக் காணச் சென்றிருந்தோம்.

கடல் நுழைந்த பள்ளத்தாக்குகள்

மார்செய் நகரின் தென்கிழக்கு எல்லை முடியும் இடத்திலேயே வெண்ணிற மலைகள் தொடங்கிவிடுகின்றன. அங்கிருந்து கிழக்கே கசீஸ் என்னும் சிறு துறைமுக ஊர் வரைக்கும், அதற்கு அப்பாலும், செங்குத்தான சுண்ணாம்புக்கல் மலைகள் நேரே கடலுக்குள் இறங்குகின்றன. மலைகளுக்கு இடையே, கத்தியால் கீறினாற்போன்ற குறுகிய வளைகுடாக்கள். அவற்றை அம்மக்கள் 'கலாங்க்' என்று அழைக்கிறார்கள். இருபுறமும் வெள்ளைப் பாறைச் சுவர். நடுவே கரையோரம் பச்சையாகவும் உள்ளே செல்லச் செல்ல நீலமாகவும் நிறம் மாறும் கடல்நீர். இறைவனின் படைப்பாற்றலை எண்ணி 'சுப்ஹானல்லாஹ்' என்று சொல்லாமல் அந்தக் காட்சியைக் கடந்து செல்ல முடியாது.

இப்பகுதி 2012 ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரான்சின் 10-வது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தரையில் ஏறத்தாழ 8,500 ஹெக்டேர். கடலில் ஏறத்தாழ 43,500 ஹெக்டேர். அதாவது இப்பூங்காவின் பெரும்பகுதி நீரே! ஒரு பெருநகரின் வாசற்படியிலேயே இத்தகைய காட்டுத்தன்மை மாறாத நிலம் இருப்பது வியப்புக்குரியது. நகரப் பேருந்தில் சென்று இறங்கி, சிறிது நேரம் நடந்தாலே மலைக்குள் நுழைந்துவிடலாம். இந்த எளிமையே ஆபத்தும் ஆகிறது. பேருந்தில் போய்விடக்கூடிய இடம் என்பதால், நகரத்துப் பூங்காவுக்குப் போவதுபோல் செருப்பும் கையில் ஒரு சிறு பாட்டிலுமாகப் பலர் புறப்பட்டுவிடுகிறார்கள்.

இந்த வளைகுடாக்கள் எப்படித் தோன்றின? ஒரு காலத்தில் இவை வெறும் பள்ளத்தாக்குகள். மழைநீரும் ஓடைகளும் பல இலட்சம் ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கல்லை அரித்து அவற்றை ஆழமாக்கின. கடைசிப் பனியுகத்தில் உலகின் நீரில் ஒரு பகுதி பனியாக உறைந்து கிடந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பனி உருகியபோது கடல் எழுந்து பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்தது. கலாங்க் என்பது கடல் குடிபுகுந்த பள்ளத்தாக்கு எனலாம்.

இதற்குச் சான்றாக ஒரு குகையே இருக்கிறது. 1985-இல் ஆன்றி கொஸ்கேர் என்னும் முக்குளிப்பவர், கடல்மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே ஒரு நுழைவாயிலைக் கண்டார். அதன் வழியே நீண்ட சுரங்கத்தில் மேல்நோக்கி நீந்திச் சென்றால், நீர் எட்டாத ஓர் அறை! அதன் சுவர்களில் குதிரைகளும் காட்டெருமைகளும், மனிதக் கைகளின் பதிவுகளும். அக்கைகளுள் பழமையானவை ஏறத்தாழ 27,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. அம்மனிதர்கள் அங்கு நீந்திச் செல்லவில்லை. கரையிலிருந்து நடந்தே சென்றார்கள். அன்று கடல் சில கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. 1991-இல் மூன்று முக்குளிப்பவர்கள் அச்சுரங்கத்தில் வழிதவறி உயிரிழந்தனர். அதன் பின்னரே குகையைப் பற்றிய செய்தி வெளியுலகுக்கு வந்தது. இன்று அக்குகை பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதில்லை. அதன் மாதிரி உருவம் 2022 முதல் மார்செய் துறைமுகத்தருகே வைக்கப்பட்டுள்ளது. மலை நடைக்கு ஏலாத முதியவர்களும் அதைக் கண்டு மகிழலாம்.

காலடியில் ஆறு, குடிக்கத் துளியில்லை

இந்த மலையைப் பற்றி நீங்கள் முதலில் அறியவேண்டியது இதுதான்: இங்கே தண்ணீர் கிடையாது. ஊற்று இல்லை, ஓடை இல்லை, கிணறு இல்லை. சுண்ணாம்புக்கல் சல்லடை போன்றது. பெய்கிற மழை பிளவுகளின் வழியே நேரே பாதாளத்துக்கு இறங்கிவிடுகிறது. அப்படி இறங்கிய நீர் நிலத்தடியில் ஆறாக ஓடி, போர்-மியூ என்னும் கலாங்க்கில் கடல்மட்டத்துக்குக் கீழே வெளிப்படுகிறது. முக்குளிப்பவர்கள் அந்தப் பாதாள ஆற்றில் 200 மீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்கியும் அதன் அடியைக் காணவில்லை. அந்நீரைக் குடிநீராக்கும் எண்ணத்தில் 1970-களில் உள்ளேயே தடுப்பணை கட்டிப் பார்த்தார்கள். ஆயினும் உப்புக்கரிப்பு நீங்கவில்லை. நடப்பவனுடைய காலடியில் ஆறு ஓடுகிறது. அவன் நாவுக்கோ ஒரு துளி இல்லை!

மண்ணும் மிகக் குறைவு. பாறை இடுக்கில் வேர் நுழைத்து நிற்பவை பெரும்பாலும் ஒருவகை ஊசியிலை மரங்கள். அவற்றின் பெயரைக் கேட்டதும் எனக்குப் பரவசம் உண்டாயிற்று: 'அலெப்போ பைன்'. ஆம், சிரியாவின் தொன்மையான ஹலப் நகரின் பெயரையே இம்மரம் தாங்கி நிற்கிறது. மத்தியதரைக் கடலின் ஒரு புறத்து நகரின் பெயர், மறுகரையின் மரத்தில்! தரையோடு தரையாக ரோஸ்மேரிச் செடிகள் மணக்கின்றன. கடலோரப் பாறைகளில், பார்ப்பதற்கு மெத்தைபோல் உருண்டிருக்கும் ஒரு முட்செடி உண்டு. அதற்கு அவ்வூர் மக்கள் வைத்த வேடிக்கைப் பெயர் 'மாமியார் மெத்தை'. உட்கார்ந்தால் தெரியும் சங்கதி! தங்கை மகன் இதைச் சொன்னபோது, மாமியாராகிவிட்ட என் இல்லத்தரசி சிரிக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நீரில்லாத நிலத்தில் எண்ணெய்ப் பசையுள்ள மரங்கள். அவற்றின்மேல் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே வடக்கிலிருந்து பாய்ந்துவரும் 'மிஸ்த்ரால்' என்னும் காற்று. சில நாட்களில் அது மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டி வீசும். ஒரு சிகரெட் துண்டு போதும், மலை முழுதும் பற்றி எரிய. 1990 ஆகஸ்டிலும் 2016 செப்டம்பரிலும் இம்மலைகளில் பெருந்தீ பரவியது. அதனால்தான் பூங்காவுக்குள் புகைபிடித்தலும் நெருப்பு மூட்டுதலும் தடை செய்யப்பட்டுள்ளன. ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை, ஒவ்வொரு நாளும் காற்றையும் வெப்பத்தையும் கணித்து, மறுநாள் மலைக்குள் நுழையலாமா கூடாதா என்பதை முதல்நாள் மாலையே அரசு நிருவாகம் வண்ணக்குறியால் அறிவித்துவிடுகிறது. சிவப்பு என்றால் நுழைவு இல்லை.

மனிதக் கால்களும் நெருப்பைப்போலத் தீங்கு செய்யக்கூடும். சூஜித்தோன் என்னும் கலாங்க்கில், கோடைக்காலத்தின் சில நாட்களில் 2,500 பேர் வரை குவிந்தார்கள். அத்தனை பேர் மிதித்ததால் மண் சரிந்து, மரங்களின் வேர்கள் வெளியே தெரியலாயின. ஆகவே 2022 முதல், கோடையின் நெரிசல் நாட்களில் ஒரு நாளைக்கு 400 பேருக்கு மட்டுமே அனுமதி. முன்பதிவு செய்யவேண்டும், கட்டணம் இல்லை. அழகை எல்லோரும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால், நாளைக்குப் பார்ப்பதற்கு அழகு மிஞ்சாது அல்லவா?

புறப்பட்டோம்

நாங்கள் சென்றது மே மாதம் ஆதலால் தடை ஏதுமில்லை. கசீஸ் ஊரிலிருந்து மூன்று கலாங்க்குகளைத் தொட்டுச் செல்லும் பாதை ஒன்றுண்டு. முதலாவது போர்-மியூ, இரண்டாவது போர்-பேன், மூன்றாவது ஓன்-வோ. முதலிரண்டும் சிறுவர்களும் எளிதாகச் செல்லக்கூடியவை. மூன்றாவதற்கு இறங்கும் வழி செங்குத்தானது. ஆனால் அழகில் மூன்றாவதே முதலாவது. தங்கை வீட்டுச் சுவரில் ஓன்-வோவின் படம் தொங்கியது. அதைப் பார்த்த நாளிலேயே அங்கே போயே தீருவது என்று நான் உள்ளத்தில் முடிவு கட்டிவிட்டேன்.

நாங்கள் ஆறு பேர். 63 வயதான நான், என் மனைவி, தங்கை, அவள் கணவர், 14 வயது மகன், 7 வயது மகள். முதல்நாள் இரவு தங்கை கணவர் பணிவோடு சொன்னார்: "மச்சான், காலை ஏழு மணிக்கே புறப்பட்டால் நல்லது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். உங்களுக்கு என் காலணி ஒன்று தருகிறேன். அதன் அடிப்பாகம் பாறையில் வழுக்காது."

நான் சிரித்தேன். "மாப்பிள்ளை, நாமெல்லாம் சிறு வயதில் வெறுங்காலோடு மணலில் ஐந்து கல் நடந்தவர்கள்" என்றேன். நிதானமாகப் பசியாறி, நாங்கள் கசீஸ் சேரும்போது மணி பத்தரை. என் காலில் வழக்கமான தோல் செருப்பு. என் கையில் அரை லிட்டர் பாட்டில். கூடுதலாக ஏதும் சுமப்பது எனக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றியது போலும்!

போர்-மியூ நீண்ட வளைகுடா. இருமருங்கிலும் படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. கரையில் பழைய கல்வெட்டுக் குழிகளையும், வெட்டிய கல்லைக் கப்பலில் ஏற்றிய இடத்தையும் இன்றும் காணலாம். கசீஸ் கல் ஒரு காலத்தில் பெயர்பெற்ற கட்டுமானக் கல். பாதை அகலமானது, நடை எளிதாயிருந்தது. சிறுமி முன்னால் துள்ளி ஓடினாள். நான் அவளைத் தொடர்ந்தேன். என் மனைவி எல்லோருக்கும் பின்னால், தங்கையின் கையைப் பிடித்தபடி வந்தாள்.

பாதையில் பாறைகளின்மேல் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கோடுகள் தீட்டியிருந்தார்கள். தங்கை மகன் எனக்கு அதை விளக்கினான். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இணையாக இருந்தால் சரியான வழி. கோடுகள் பெருக்கல் குறிபோல் குறுக்கே வெட்டியிருந்தால், அது போகக்கூடாத வழி. 14 வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது, 63 வயதுக்காரனுக்குத் தெரியவில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் அன்று எனக்குச் சிறிது உறுத்தியது.

போர்-பேன் சேர்ந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. பைன் மரங்கள் கடல்வரை இறங்கிவந்து நிழல் தரும் சிறு கடற்கரை அது. கொண்டுவந்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் பேரீச்சம்பழத்தையும் உண்டோம். குடிநீரை மிச்சப்படுத்தக் கடல்நீரிலேயே உளூச் செய்தோம். கடல்நீர் தூய்மையானது என்பது நமக்கு ஆறுதல் தரும் சட்டமன்றோ! நம் ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய எனக்கு, அங்கே கிழக்கும் தென்கிழக்குமான திசையில், கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்று லுஹர் தொழுதது மறக்கவொண்ணா அனுபவம்.

அங்கேயே திரும்பியிருந்தால் அன்றைய நாள் நிறைவான நாள். தங்கை கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மச்சான், இங்கேயே சற்று இளைப்பாறிவிட்டு..." என்று தொடங்கினார். நான் எழுந்து நின்று, "ஓன்-வோவைப் பார்க்காமல் ஊருக்குப் போய் என்ன சொல்வது? வாருங்கள்" என்றேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை. மனைவியின் தமையன், வயதில் மூத்தவன், கடல் கடந்து வந்த விருந்தாளி. அவர் எப்படி மறுப்பார்?

விளிம்பில்

போர்-பேனுக்கு மேலே பாதை சட்டென்று ஏறுகிறது. நிழல் குறைந்தது. வெள்ளைக்கல் வெயிலை வாங்கி முகத்தில் எறிந்தது. ஆயிரமாயிரம் கால்கள் தேய்த்து மெருகேற்றிய பாறை, கண்ணாடிபோல் வழுக்கியது. என் தோல் செருப்பு ஒவ்வோர் அடியிலும் நழுவியது. பாட்டிலில் இரண்டு மிடறு நீரே மிச்சம். அதை யாரும் பார்த்துவிடக்கூடாதென்று பையின் அடியில் வைத்துக்கொண்டேன். முழங்காலில் வலி தொடங்கிவிட்டது. அதையும் சொல்லவில்லை. பின்னால் திரும்பியும் பார்க்கவில்லை. தலைவன் முன்னால் நடக்கவேண்டுமென்று எண்ணியிருந்தேன்.

மேட்டுநிலத்தின் மறுபுறத்தில் பாதை கீழே பாய்கிறது. பாய்கிறது என்பதே சரியான சொல். சரளைக்கற்களும் பெரும் பாறைகளும் கலந்த செங்குத்துச் சரிவு. இளைஞர்களே கைகளை ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் முதல் அடியை வைத்தேன். கல் உருண்டது. கால் வழுக்கி உட்கார்ந்தாற்போல் விழுந்து, உள்ளங்கை தோலுரிந்தது. பெரிய காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். என் காலில் பட்ட கல் மட்டும் கீழே உருண்டு, பாறையில் மோதி, மீண்டும் மோதி... அந்த ஓசை நிற்பதற்கு நெடுநேரம் ஆயிற்று.

அப்போது யாரும் பேசவில்லை. என் மனைவி இரு கைகளாலும் ஒரு பைன் மரத்தைப் பற்றிக்கொண்டு நின்றாள். தங்கையின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. தங்கை கணவர் என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். ஆனால் "போதும்" என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. அந்த நேரத்தில்தான் ஏழு வயதுச் சிறுமி என் அருகில் வந்து, என் தோலுரிந்த கையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, எனக்குப் பயமாயிருக்கிறது. திரும்பிப் போய்விடலாமா?"

நான் நிமிர்ந்து எல்லோர் முகங்களையும் பார்த்தேன். அன்று காலைமுதல் அப்போதுதான் அவர்களை உண்மையாகப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். மனைவியின் முகம் சிவந்து, கண்கள் சோர்ந்திருந்தன. பையனின் தோளில் இருபைகள். ஒன்று அவன் தாயினுடையது. "ஆம், திரும்பிவிடுவோம்" என்றேன். அச்சொல்லைக் கேட்டதும் ஐந்து முகங்களிலும் ஒரே நொடியில் தோன்றிய நிம்மதி இருக்கிறதே, அதை நான் எந்நாளும் மறக்கமாட்டேன். ஐவரும் திரும்பிவிடவே விரும்பியிருக்கிறார்கள்! போர்-பேனிலிருந்தே விரும்பியிருக்கிறார்கள். என் சொல்லுக்கு மரியாதை தந்து, தங்கள் அச்சத்தையும் தாகத்தையும் விழுங்கிக்கொண்டு என் பின்னால் வந்திருக்கிறார்கள்.

சற்று விலகி நின்றபோது, பாறைகளின் இடைவெளியில் ஓன்-வோவின் நீர் நீலமணிபோல் தெரிந்தது. ஒரு நிமிடம் பார்த்தோம். பிறகு திரும்பினோம். இம்முறை வரிசை மாறியது. என் மனைவி முன்னால். அவளுடைய நடைக்கு ஏற்ப மற்றவர்கள். பையன் தன் பாட்டிலைச் சத்தமின்றி என் கையில் வைத்தான். "மாமா, நான் இரண்டு கொண்டுவந்தேன்" என்றான். என் பாட்டில் காலியாயிருந்ததை அவன் முன்பே கவனித்திருந்தான். கேட்டால் மாமாவுக்கு மனம் வருந்துமே என்று கேட்கவில்லையாம்.

சிந்திக்கவேண்டியது

அன்பர்களே! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விழுந்தது நானாக இல்லாமல் அந்தச் சிறுமியாக இருந்திருந்தால்? என் மனைவியாக இருந்திருந்தால்? அந்த மலையில் மயங்கி விழுந்த ஒருவரைத் தூக்கிவர வாகனம் வர வழியில்லை. மீட்புப்படையினர் நடந்தோ, படகிலோ, ஹெலிகாப்டரிலோ வரவேண்டும்.

ஜமாஅத்துத் தொழுகையில் இமாமாக நிற்பவர் தமக்குப் பின்னால் நிற்போருள் முதியவர், நோயாளி, பலவீனர் ஆகியோரை மனத்திற்கொண்டு தொழுகையை நீட்டாமல் நடத்தவேண்டும் என்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பள்ளிவாசலில் அறிந்ததைப் பாதையில் மறந்துவிட்டேன். முன்னால் நிற்பவன் தன் வலிமையை அளவுகோலாகக் கொள்ளலாகாது. பின்னால் நிற்பவரின் வலிமையே அளவுகோல். குடும்பமாக நடக்கும்போது கடைசியில் வருபவர் எவரோ, அவரே அந்த நடைக்கு வழிகாட்டி.

இன்னொன்றும் உண்டு. நம் பிள்ளைகளும் இளையவர்களும் நம்மை மறுத்துப் பேசமாட்டார்கள் என்பது நமக்குப் பெருமை. அதனாலேயே நம் மீது ஒரு கடமையும் சேர்ந்துவிடுகிறது. அவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். ஆகவே நாம்தான் கேட்கவேண்டும். "போகலாமா?" என்று கேட்டால் "போகலாம்" என்றே சொல்வார்கள். "யாருக்குக் களைப்பு? யாரிடம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? இங்கேயே திரும்பினால் யாருக்கு மகிழ்ச்சி?" என்று கேட்கவேண்டும். அதையும் சிறியவரிலிருந்து தொடங்கிக் கேட்கவேண்டும். பெரியவர் முதலில் சொல்லிவிட்டால் பிறகு யார் வாய் திறப்பார்கள்?

மறுநாள் எங்களுக்கு மற்றொரு பாடம் காத்திருந்தது. கசீஸ் துறைமுகத்திலிருந்து கலாங்க்குகளைச் சுற்றிக்காட்டும் படகுகள் புறப்படுகின்றன. மூன்று கலாங்க்குகளைக் காட்டும் சுற்றுக்கு முக்கால் மணி நேரமே ஆகிறது. ஆறு பேரும் அமர்ந்தோம். படகு மெல்ல ஓன்-வோவுக்குள் நுழைந்தது. இருபுறமும் வானளாவிய வெண்பாறை. அடிவரை தெரியும் நீர். முதல்நாள் எங்களைத் திருப்பியனுப்பிய சரிவின் உயரம் அப்போதுதான் என் மனைவிக்கு முழுமையாகத் தெரிந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாததே எனக்குப் போதுமானதாயிருந்தது!

செல்ல விரும்புவோருக்கு

பிள்ளைகள் ஐரோப்பாவில் பணிபுரிவதால், நம் வாசகர்களுள் பலர் இப்போது அந்நாடுகளுக்குச் சென்று வருகிறீர்கள். கலாங்க் மலைகளுக்கோ அதுபோன்ற கடலோர மலைகளுக்கோ செல்ல நேர்ந்தால், இவற்றை நினைவில் வையுங்கள்.

காலையில் வெயிலுக்கு முன் புறப்படுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குறைந்தபட்ச அளவு. பாதி தண்ணீர் தீர்ந்ததும், எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். வழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். வழுக்காத அடிப்பாகமுள்ள மூடிய காலணி அணியுங்கள். நம் பெண்மக்கள் நீண்ட அங்கி அணிந்து நடப்பதற்குத் தடையில்லை. ஆயினும் சரிவில் இறங்கும்போது ஓரத்தை மிதித்துவிடாதபடி கணுக்காலுக்கு மேல் நிற்கும் அங்கியும், உள்ளே கால்சட்டையும் ஏற்றவை. தொப்பி எல்லோருக்கும் வேண்டும். சிறுவர்களைப் பாறை விளிம்பில் ஓடவிடாதீர்கள். விளிம்பில் நின்று படம் எடுப்பதை அறவே தவிருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை செல்பவர்கள், முதல்நாள் மாலையில் நுழைவு அனுமதியைப் பார்த்துக்கொள்ளாமல் புறப்படவேண்டாம். உணவின் மிச்சம், பழத்தோல் உட்பட, கொண்டுபோனதையெல்லாம் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். ஆபத்து நேர்ந்தால் ஐரோப்பா முழுவதும் 112 என்னும் எண்ணைத் தொலைபேசியில் அழைக்கலாம். பள்ளத்தாக்குகளுக்குள் எல்லா இடத்திலும் தொலைபேசி இயங்கும் என்று மட்டும் நம்பியிருக்கவேண்டாம். எந்த வழியே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் இருப்பவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

முழங்கால் வலியுள்ள முதியவர்களும் கைக்குழந்தையுள்ள தாய்மார்களும் போர்-மியூ வரை நடந்து, அங்கே அமர்ந்து கடலைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். அதற்கு மேல் காணப் படகு இருக்கிறது.

ஊர் திரும்பும் நாளில் அந்தச் சிறுமியிடம் என்ன பரிசு வேண்டுமென்று கேட்டேன். "அடுத்தமுறை வரும்போது வேறு செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள் மாமா" என்றாள். இன்ஷா அல்லாஹ், மீண்டும் செல்லும் வாய்ப்புக் கிட்டினால், வழுக்காத காலணியோடும் இரண்டு லிட்டர் தண்ணீரோடும் செல்வேன். வரிசையில் எங்கே நடப்பது என்பதை இப்போதே முடிவு செய்துவிட்டேன்: எல்லோருக்கும் கடைசியில்.